கண்ணு ஏன் உள்ள போயிருச்சு?

உடம்பு இளைத்த ஒருவரை நம் ஊரில் யாரும் இடுப்பில் பார்ப்பதில்லை, முகத்தில்தான் பார்க்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் "சுகர் இருக்கா?" என்று கேள்வி வந்துவிடும். அடுத்து "தைராய்டு பாத்தியாம்மா?" அதுவும் இல்லை என்று சொன்னால், நம்பாத ஒரு பார்வை, கூடவே ஓர் உச்சுக்கொட்டல்: "கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருச்சே!" மதுரையில் கல்யாண மண்டபம், கோயில் பிராகாரம், ஆபீஸ் மாடிப்படி, காய்கறிக் கடை என்று எங்கே போனாலும் கொஞ்ச காலமாக எனக்கு இதே விசாரணைதான். வேண்டாதவர்கள் கேட்டால் கடந்து போய்விடலாம். கேட்டவர்கள் எல்லாரும் வேண்டியவர்கள். கல்யாணப் பந்தியில் பெரிய மதினி என் இலையில் இன்னொரு ஜாங்கிரியை வைத்துவிட்டு, தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். "களையே போயிருச்சுத்தா உனக்கு. போதும், நிப்பாட்டு."

நான் இளைத்தது நோயால் இல்லை, நோய் வரக்கூடாது என்பதற்காக. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். கல்லீரலில் கொழுப்பு வேறு. தட்டில் சோறு பாதியானது, காய் இரண்டு பங்கானது, சாயங்காலம் காபியோடு வரும் மிக்சரும் முறுக்கும் நின்றன, நடை கூடியது. ஒன்றரை வருடத்தில் பதினைந்து கிலோவுக்கு மேல் இறங்கியது. இப்போது எச்பிஏ1சி 5.5. மூட்டு வலி இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ரிப்போர்ட் தாளில் தடித்த எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் மதினி சொன்னது அப்படியே இருக்கிறது. கன்னம் ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே மூக்கோரத்திலிருந்து சாய்வாக ஒரு பள்ளம். மேல் இமைக்கும் புருவத்துக்கும் நடுவில் முன்பு இல்லாத குழிவு. தூங்கி எழுந்த முகமும் தூங்காத முகம் மாதிரி இருக்கிறது. எல்லாரும் பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. ரத்தம் நன்றாகிவிட்ட ஒரு உடம்பில் முகம் மட்டும் ஏன் நோயாளி முகமாகிறது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிடைத்ததை எல்லாம் படித்தேன், தெரிந்தவர்களைத் துளைத்து எடுத்தேன்.

முகத்துக் கொழுப்பு

முகத்தில் தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரே போர்வையாகப் படர்ந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அமெரிக்காவின் டாலஸ் நகரில் ராட் ரோரிக், ஜோயல் பெஸ்ஸா என்ற இரண்டு மருத்துவர்கள் இறந்தவர்களின் முகங்களில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். செலுத்திய சாயம் முகம் முழுக்கப் பரவவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. 2007-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்குப் பிறகுதான், முகத்துக் கொழுப்பு தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது என்பது தெளிவானது. நெற்றிக்குத் தனி, கன்னத்துக்கு உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று தனித்தனி, கண்ணைச் சுற்றித் தனி, தாடையோரம் தனி. மேலடுக்கு ஒன்று, எலும்பை ஒட்டி ஆழமான அடுக்கு ஒன்று. எடை குறையும்போது இந்த அறைகள் எல்லாம் ஒரே அளவில் வற்றுவதில்லை. பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒன்று வற்றி ஒன்று நின்றால் நடுவில் வரப்பு தெரியும். முகத்தில் நாம் கோடு என்று பார்ப்பது பல இடங்களில் அந்த வரப்புதான்.

கண்ணைச் சுற்றி இது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்கு அடியில் பேர் சொல்லும்படி கொழுப்பும் கிடையாது. தோல், தசை, அவ்வளவுதான். கீழ் இமை முடிந்து கன்னம் தொடங்கும் இடத்தில் தோலை எலும்போடு கட்டிப்போடும் ஒரு நார் இருக்கிறது. கன்னத்துக் கொழுப்பு முட்டிக்கொண்டு மேலே நிற்கும் வரை அந்தக் கட்டு வெளியே தெரியாது. கன்னம் இறங்கியதும் கட்டு இருக்கும் இடம் பள்ளமாகிவிடுகிறது. கண் குழியின் எலும்பு விளிம்பு தெரிகிறது, விளிம்புக்குக் கீழே நிழல் விழுகிறது. ஆக, கண் உருண்டை எங்கும் போகவில்லை. கடும் பட்டினியிலும் முற்றிய நோயிலும் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பும் கரைந்து கண் நிஜமாகவே உள்வாங்கும். என்னைப் போல உணவைக் குறைத்து இளைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கண் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த கரை இறங்கிவிட்டது.

சிலருக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். கண் குழிக்குள்ளேயே கீழ் இமைக்குப் பின்னால் மூன்று கொழுப்புப் பைகளும் மேல் இமைக்குப் பின்னால் இரண்டும் இருக்கின்றன. கன்னம் இறங்கி, குழிக்குள் இருக்கும் பை இறங்காமல் இருந்தால், அந்தப் பை முன்பைவிட உப்பித் தெரியும். "எளைச்ச பிறகு கண்ணுக்குக் கீழ வீங்குது, கிட்னி பாக்கணுமா?" என்று ஆபீசில் ஒரு அக்கா பயந்துபோய்க் கேட்டார்கள். பரிசோதித்தார்கள், சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை. புதிதாக எதுவும் வீங்கவில்லை, மறைத்திருந்த கன்னம் விலகியிருக்கிறது. இளம் வயதினருக்கு இதெல்லாம் அழகாகவே முடிவதும் உண்டு. மேல் இமை மெலிந்து மடிப்பு கூர்மையாகி, கண் பெரிதாகத் தெரியும். என் அக்கா மகன் ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்து வந்தபோது எல்லாரும் "கண்ணு முழி எவ்வளவு அழகா இருக்கு" என்றார்கள். எனக்குச் சொன்னவர்களும் அதே ஆட்கள்தான்.

கருவளையம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நிறத்துக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. கண்ணைச் சுற்றிக் கருப்பது இரண்டு விதம். ஒன்று தோலிலேயே இருக்கும் நிறம். நம் ஊரில் பல குடும்பங்களில் அது பரம்பரையாக வருகிறது, க்ரீம்காரர்கள் என்ன சொன்னாலும் எளிதில் போகாது. இன்னொன்று வெறும் நிழல். இருட்டு அறையில் கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள் (பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் கண்ணில் அடிக்கும்). கருப்பு மறைந்தால் அது நிழல், நின்றால் நிறம். எனக்கு முக்கால்வாசி மறைந்தது. மண்டபங்களிலும் ஆபீசிலும் விளக்கு உச்சியில் இருக்கிறது, அந்த வெளிச்சம் மேலிருந்து விழுந்து எல்லாப் பள்ளத்தையும் இரட்டிப்பாக்குகிறது. காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அதே முகம் அவ்வளவு மோசமாக இல்லை.

கண்ணாடிக் கடையில்

நடுவில் என் கண்பார்வையும் கெட்டுவிட்டதாகத் தோன்றியது. நான் போடுவது ப்ரோக்ரஸிவ் லென்ஸ். மேலே தூரப் பார்வை, கீழே போகப் போக படிக்கும் பார்வை. திடீரென்று ஆபீஸ் கணினித் திரை மங்கலானது. படிக்க வேண்டுமென்றால் முகவாயைத் தூக்க வேண்டியிருந்தது. கண் உள்ளே போனதால் பவர் மாறிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு, வழக்கமாகக் கண்ணாடி வாங்கும் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்ப்பவர் பல வருடப் பழக்கம். எந்தப் பரிசோதனையும் செய்வதற்கு முன்னால் "மேடம், சிரிங்க" என்றார். சிரித்தேன். "முன்னாடி நீங்க சிரிச்சா கன்னம் ஏறி ஃப்ரேமைத் தூக்கும். உங்களுக்கு அதுக்காகவே ஃப்ரேமை நிமித்தி வச்சுக் குடுத்தேன். இப்ப கன்னம் ஃப்ரேமைத் தொடவே இல்ல. கீழ இறங்கிருச்சு." எழுந்து வந்து என் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் பொட்டுப் பக்கமும் இடைவெளி. கண்ணாடியை வாங்கி, காதுக்கம்பியின் நுனியைச் சூட்டில் காட்டி மெதுவாக உள்ளே வளைத்தார், மூக்குத் தாங்கி இரண்டையும் நெருக்கினார், மாட்டிவிட்டு நேரே பார்க்கச் சொல்லி லென்ஸ் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தார். சில மில்லிமீட்டர் இறங்கியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். பவர் மாறவில்லை. ஃப்ரேம் வழுக்கி இறங்கியதால் படிக்கும் பகுதி கண்ணுக்கு எட்டாமல் கீழே போய்விட்டது.

அத்தனை நாளில் என் முகத்தைப் பார்த்து நோய் கேட்காத ஒரே ஆள் அவர்தான். அவருக்கு என் முகம் ஒரு அளவு. மாறியிருக்கிறது, அதற்கேற்ப ஃப்ரேமைச் சரிசெய்ய வேண்டும், வேறு கேள்வி இல்லை. மனசு அவ்வளவு லேசானது எனக்கு.

நாற்பதுக்கு அப்புறம்

எனக்கு வயது 47. இந்த வயதில் இளைப்பதும் இருபத்தைந்தில் இளைப்பதும் ஒன்றில்லை என்பதற்கு நான் படித்ததில் மிகத் தெளிவான சான்று ஓர் இரட்டையர் ஆய்வு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் வருடா வருடம் இரட்டையர் திருவிழா நடக்கும். அங்கே வந்த உருவொத்த இரட்டையர்களைப் படம் பிடித்து, யார் வயதானவராகத் தெரிகிறார் என்று மற்றவர்களைக் கணிக்கச் சொன்னார் பஹ்மன் குயுரான் என்ற மருத்துவர். 186 ஜோடிகள். 2009-இல் வந்த முடிவு இது: நாற்பதுக்குக் கீழே, இருவரில் பருமனானவர் வயதானவராகத் தெரிந்தார். நாற்பதைத் தாண்டியவர்களில் பருமனானவர்தான் இளமையாகத் தெரிந்தார். ஒரே மரபணு, ஒரே வயது. கொழுப்பு மட்டும்தான் வித்தியாசம் என்றால் அது செய்யும் வேலை நாற்பதில் தலைகீழாகிறது.

ஏனென்றால் நாற்பதுக்கு மேல் கொழுப்பு மட்டும் முகத்தை விட்டுப் போவதில்லை. தோலை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம்வரை போய்விடுகிறது. கண் குழியின் எலும்பே வயதோடு பின்வாங்கி, குழி அகலமாகிறது. இதெல்லாம் எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் நடந்துகொண்டிருந்ததுதான். கொழுப்பு அதை மறைத்து வைத்திருந்தது. பஞ்சை எடுத்த தலையணை உறை மாதிரி தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. இளம் வயதில் உறையும் கூடவே சுருங்கும், இப்போது மெதுவாகத்தான் சுருங்குகிறது, முழுதாகவும் சுருங்காது.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் எனக்கு உதவியது. சராசரி உயரமுள்ள ஒரு பெண் மூன்றரை கிலோவும் ஆண் நான்கு கிலோவும் குறைத்தாலே பார்ப்பவர் முகத்தில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் "நன்றாக இருக்கிறார்" என்று தோன்ற அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு குறைய வேண்டியிருந்தது. சேலை ரவிக்கை தளர்வதற்கு முன்பே முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது நம் பெண்களுக்கு எந்த ஆய்வும் இல்லாமல் தெரியும்.

அம்மாவின் கட்டைவிரல்

மற்றவர்கள் பேச்சை ஒருவிதமாகச் சமாளித்தேன். அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை. குழம்பில் எண்ணெய் மிதக்கும். கேட்காமலே தோசையில் நெய் விழும். "வேண்டாம்மா" என்றால் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார், இரண்டு நாள் பேச்சிருக்காது. அழகு போய்விட்டதே என்று வருத்தப்படுகிறார், நாலு பேர் கேட்பதற்குப் பதில் சொல்ல வெட்கப்படுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தூங்கிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, கட்டைவிரலால் கண்ணுக்குக் கீழே எலும்பு விளிம்பை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவினார். இரண்டு தடவை. நான் கண்ணைத் திறந்தேன். அம்மா கையை எடுக்கவில்லை. "உங்க அப்பா முகம் வந்திருச்சுத்தா உனக்கு" என்றார். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து நான் அம்மா ஜாடை என்பார்கள், தங்கைதான் அப்பா ஜாடை. கொழுப்பு போனதும் அடியிலிருந்த எலும்பு அப்பாவுடையதாக இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா சொன்னார்: "அவருக்கும் இங்கனதான் மொதல்ல எலும்பு தெரிஞ்சுச்சு."

அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். உருண்டை முகம், கன்னத்தில் மினுமினுப்பு. "மொதலாளி ஜம்முன்னு இருக்காரு" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்லுவார்கள். ஒரு வெயில் காலத்தில் சடசடவென்று இளைத்தார். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவார், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். கன்னம் ஒட்டி, கண் உள்வாங்கி, ஒரே பருவத்தில் பத்து வருடம் மூத்தவர் ஆனார். கடையில் கூட்டம் அதிகம் என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டார். அம்மா பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. விழித்திரையைப் பார்த்த டாக்டர், இது பல வருடச் சர்க்கரை என்றார். ஜம்மென்று இருந்த வருடங்களில் எல்லாம் உள்ளே அது இருந்திருக்கிறது. பிறகு லேசர், மருந்து, ஊசி. கடைசி வருடங்களில் தராசு முள்ளைப் பார்க்க முடியாமல் கடையைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். அம்மாவைப் பொறுத்தவரை ஒரு முகத்தில் அந்த எலும்பு தெரிந்தால் அடுத்து என்ன வரும் என்பது தெரிந்த கதை. என் தட்டில் விழுந்த நெய் முழுக்க அந்தப் பயம்தான்.

அம்மா விரல் வைத்த இடம் தற்செயலானதில்லை. மருத்துவமனைகளில் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடும் ஒரு முறை இருக்கிறது. அதில் மருத்துவரோ உணவியலாளரோ பார்க்கும் முதல் இடங்களில் ஒன்று கண்ணுக்குக் கீழே உள்ள கொழுப்பு மெத்தை. மற்றொன்று பொட்டில் இருக்கும் தசை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நீர்ச்சத்து எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடையாளங்களில் ஒன்றும் குழி விழுந்த கண்தான். ஆக, நம் அத்தைகளும் மதினிகளும் தாடையைத் திருப்பிப் பார்ப்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட இடத்தைத்தான். அவர்களைக் கிண்டல் செய்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். இப்படிப்பட்ட ஊரில் இளைத்தவரைப் பார்த்து "சுகரா?" என்று கேட்பது அனுபவத்திலிருந்து வருகிற கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் இருண்ட ஒன்றும் இருக்கிறது, என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 2004-இல் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அப்போது கொடுத்த மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று. உயிரைக் காப்பாற்றியது, ஆனால் நாள்பட எடுத்தவர்களுக்குக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்தது. ரத்தத்தில் கிருமி அடங்கி, வேலைக்குப் போகும் அளவுக்குத் தேறியவர்களை, தெருவில் முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டார்கள். வாடகை வீடு போனது, டீக்கடையில் தனி டம்ளர் வந்தது. 2009-இல் அந்த மருந்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். ஒருவர் குணமாகிக்கொண்டிருக்கும்போதே முகம் அவரை நோயாளி என்று காட்டிக்கொடுத்த கொடுமை நம் ஊரில் உண்மையாக நடந்தது. இன்று அழகுக்காகக் கன்னத்தில் போடும் ஊசிகளில் ஒன்றான பாலிலாக்டிக் அமிலம், அமெரிக்காவில் முதலில் 2004-இல் அனுமதி பெற்றது எச்.ஐ.வி.காரர்களின் வற்றிய கன்னத்துக்காகத்தான்.

டாக்டர்கள் சொல்லாமல் விடுவது

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "உங்க பொண்ணு ரொம்ப நல்லா இருக்காங்கம்மா, சுகர் இல்ல, கொழுப்பு இல்ல" என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது கேட்டார்: "அப்பறம் கண்ணு ஏன் உள்ள போயிருச்சு?" டாக்டர் சிரித்துவிட்டு, "கொழுப்பு போச்சும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அடுத்த நோயாளி கதவைத் திறந்தாகிவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான் படித்ததை எல்லாம் என் கன்னத்திலேயே தொட்டுக் காட்டி அம்மாவுக்குச் சொன்னேன். இது ஒரு நாளில் தீரவில்லை, வாரக்கணக்கில் போனது. இப்போது தோசையில் நெய் விழுவது குறைந்திருக்கிறது.

எடையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் முகத்தைப் பற்றி ஏன் முதலிலேயே பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இடுப்பளவுக்கு இலக்கு தருகிறார்கள், எச்பிஏ1சிக்கு இலக்கு தருகிறார்கள். "ஆறு மாசத்துல கன்னம் ஒட்டும், கண்ணுக்குக் கீழ பள்ளம் தெரியும், வீட்ல பயப்படுவாங்க, அவங்களையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தெரிந்து மூன்று பேர் நன்றாகப் போய்க்கொண்டிருந்த உணவுக் கட்டுப்பாட்டைப் பாதியில் விட்டார்கள். பசி தாங்காமல் இல்லை, "முகம் செத்துப் போச்சு" என்ற பேச்சு தாங்காமல். ஒருவருக்கு இப்போது இன்சுலின்.

கூடவே எந்த இளைப்பு வேறு என்பதையும் சொல்லித்தர வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்தால் சர்க்கரை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்தால் காசநோய் பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, கண் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கினால் தைராய்டு அதிகம் சுரக்கும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம். அதில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசையும் கொழுப்பும் வீங்கிக் கண்ணை முன்னே தள்ளுகின்றன.

இப்போது இதைப் பேச அவசரம் கூடியிருக்கிறது. வாரம் ஒரு முறை போடும் எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. மவுஞ்சாரோவின் டிர்செபடைடு உச்ச அளவில் 72 வாரத்தில் ஏறத்தாழ 21 சதவீதம். 80 கிலோ ஆள் 63 ஆகிறார். அமெரிக்காவில் இப்படி இளைத்தவர்களின் முகத்துக்கு, செமாக்ளூடைடின் இன்னொரு விற்பனைப் பெயரை வைத்து 'ஓசெம்பிக் முகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மருந்து முகத்தைக் குறிவைத்துத் தின்கிறது என்ற பயம் பரவியிருக்கிறது. ஆனால் நிறைய எடைக் குறைவு, குறுகிய காலம், நாற்பது தாண்டிய தோல் என்ற மூன்றும் சேர்ந்தால் எந்த வழியில் இளைத்தாலும் இந்த முகம் வரும். அதைப் பார்த்துப் பயந்து உடனே கண்ணுக்குக் கீழே பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ள ஓடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: எடை ஓரிடத்தில் நின்று சில மாதம் ஆகட்டும். தோல் ஓரளவு தானாகச் சுருங்கும். ஃபில்லர் ஊசி அந்த இடத்தில் ரத்தக் குழாய்க்குள் இறங்கினால், அரிதாகத்தான் என்றாலும், பார்வையே போயிருக்கிறது. போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் தகுதியுள்ள மருத்துவரிடம் மட்டும், பியூட்டி பார்லரில் கூடவே கூடாது. நான் போட்டுக்கொள்ளப் போவதில்லை. அந்தப் பள்ளத்தில் அப்பா ஜாடை இருக்கிறது, எனக்கு அது வேண்டும்.

கண்ணின் வெளித்தோற்றத்தைப் பற்றி இவ்வளவு விசாரிக்கும் நாம், கண்ணுக்குள்ளே பார்க்க மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 2016-இல் வந்த செமாக்ளூடைடு ஆய்வு ஒன்றில், மருந்து எடுத்துக்கொண்ட நீரிழிவுக்காரர்களில் 3 சதவீதம் பேருக்கு விழித்திரைச் சிக்கல் வந்தது, எடுக்காதவர்களில் 1.8 சதவீதம். ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கியதுதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். இன்சுலினிலும் இதே மாதிரி நடப்பது முன்பே தெரிந்ததுதான். நீரிழிவு இருப்பவர் ஊசி தொடங்குவதற்கு முன் கண் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது, அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இலிருந்து இங்கேதான் இருக்கிறது.

என் தங்கைக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் வார ஊசி ஆரம்பிக்கப் போகிறாள். அவள் டாக்டர் எடை, சிறுநீரகம், கணையம் எல்லாம் பார்த்துவிட்டார், விழித்திரைச் சீட்டு இன்னும் கேட்கவில்லை. வருகிற வியாழக்கிழமை அவளை நானே கூட்டிப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருக்கும் நேரத்தில், இன்னும் ஆறு மாதத்தில் அவள் முகம் எப்படி ஆகும் என்று அம்மாவுக்கு இப்போதே சொல்லிவிடலாம்.